இலை ஷெட்டில் கட்டிய முடிச்சு

என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே, நாத்தனார் முடிச்சை யார் போடுவது என்ற பேச்சும் வந்துவிட்டது. என்னிடம் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆளுக்கொரு டம்ளர் டீயோடு, என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிறவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. உட்கார்ந்திருப்பவளுக்குக் காதும் கேட்காது என்று நிற்கிறவர்களுக்கு ஒரு நினைப்பு.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போடுவான். மீதி இரண்டு முடிச்சையும் அவனுடைய அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் இருந்து போட வேண்டும். வந்த மருமகளை 'இனி நீ எங்கள் வீட்டுப் பெண்' என்று சொல்லி வாங்கிக்கொள்கிற முடிச்சு அது. என் தம்பிக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பேசுவதற்கே அங்கே ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா மக இருக்காள்ல, அவ போடட்டும். அவளும் தங்கச்சி முறைதானே" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. எங்கள் அம்மா கழுத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டவளே அவள்தான். "இவளை எதுக்குச் சிரமப்படுத்தணும், பாவம்."

இந்தப் 'பாவம்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும்.

"அத்தை, நான் இங்கதான் இருக்கேன். செத்துப் போயிடல."

"அய்யய்யோ, ஒன்னைய என்னடி சொன்னேன்? ஒனக்குக் கஷ்டம் வேணாம்னுதான் சொன்னேன்."

"எனக்கு என்ன கஷ்டம்? முடிச்சைக் கையால போடுறதா, காலால போடுறதா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "அது சரி, ஹாலுக்குள்ள எப்படிடி ஏறுவ?" என்றாள்.

நாங்கள் இருப்பது கீழ் கோத்தகிரி பக்கம், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் உள்ள ஒரு எஸ்டேட் லைன். சிலோனில் பிறந்து சிறு வயதிலேயே இங்கே வந்த அத்தை வாயில் மட்டும் அது இன்னும் லயம்தான். அப்பா ஃபேக்டரியில் வேலை செய்து ஓய்வுபெற்றார். இப்போது தம்பி அதே ஃபேக்டரியில் ஃபிட்டர். பிறந்ததிலிருந்தே எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அதற்காகவே ரோட்டு மட்டத்தில் இருக்கிற கடைசி வீட்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். நான் கை மெஷினில் ஜாக்கெட் தைக்கிறேன். லைனில் யார் எந்த மாதம் எவ்வளவு பெருத்தார்கள், யார் இளைத்தார்கள், அதற்கு என்ன காரணம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப் பேர் வேறு தையல்காரியைத் தேடிப் போய்விடுவார்கள்.

எங்கள் கம்யூனிட்டி ஹால் மேட்டின் உச்சியில் இருக்கிறது. இந்த மலையில் எதைக் கட்டினாலும் ஒன்று தலைக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் காலுக்குக் கீழே இருக்கும். ஹாலுக்குப் போகும் படிகளில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களே நடுவில் நின்று மூச்சு வாங்குவார்கள். ஆனால் எனக்காக அங்கே ஒரு சரிவுப் பாதையும் உண்டு. நிஜமாகவே எனக்காகத்தான். சில வருஷங்களுக்கு முன்னால் லைன் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து கல் சுமந்து, சிமெண்ட் கலந்து, சுற்றிச் சுற்றி ஏறுகிற மாதிரி நன்றாகவே போட்டுக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து நான் அழுதேன். இத்தனை நல்ல மனுஷர்களா என்று இருந்தது.

அந்தப் பாதை திறந்த முதல் கல்யாணத்தன்று, எனக்கு முன்னால் அதில் ஏறியது ஒரு காட்டெருமை. ஹால் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்களே, அந்த வாசனைதான் அதை இழுத்தது. படி ஏற யோசிக்கிற மிருகத்துக்கு, பாவம், நாங்களே வழி போட்டுக் கொடுத்துவிட்டோம். விடியற்காலையில் சமையல்காரர் வெளியே வந்து பார்த்தால் வாசலில் ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரத்தை மென்றுகொண்டிருந்ததாம். மனுஷன் அண்டாவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரமே பாதையின் கீழ் முனையில் கனத்த இரும்புக் கம்பிகளைக் குறுக்கே நட்டு, சிமெண்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். எருமை நுழையாது. என் நாற்காலியும் நுழையாது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. "கம்பியைக் கொஞ்ச நாள்ல எடுத்துரலாம்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

"அதுக்கென்ன, நான் அக்காவைத் தூக்கிட்டுப் போறேன்" என்றான் தம்பி. "கல்யாண மாப்பிள்ளை வேட்டி கசங்கினா கசங்கட்டும்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்துக்கு என்னை முதுகில் சுமந்து போனவன் அவன். எனக்கு இளையவன், சுமக்க ஆரம்பித்த வயதில் என் கால் தரையில் இழுபடும், அவ்வளவுதான் அவன் உயரம். ஓட்டுப் போட, ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க, மாரியம்மன் கோயில் பூமிதிக்கு என்று எத்தனையோ இடங்களுக்கு என்னை யார் யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள். தூக்குகிறவனுக்குக் கை வலிக்கும். தூக்கப்படுகிறவளுக்கு வேறு எங்கேயோ வலிக்கும். ஒருத்தன் கையில் வியர்வை, ஒருத்தன் வாயில் பீடி நாற்றம், சேலை எங்கே விலகியது என்று கைகளால் தேட முடியாது, ஏனென்றால் கைகள் அவன் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். "புடிச்சுக்கம்மா, புடிச்சுக்கம்மா" என்று ஊர் முழுக்கக் கத்தும். சாமி ஊர்வலம் மாதிரி எல்லாரும் வழிவிட்டு நின்று பார்ப்பார்கள்.

தூக்கிப் போய் எங்கே வைப்பார்கள்? ஹாலில் நுழைந்ததும் இடது பக்கம் தேங்காய், தாம்பூலப் பை எல்லாம் அடுக்கியிருக்கும் மூலையில். "நீ இங்க இருந்து பையைப் பாத்துக்க." நானும் பார்த்துக்கொள்வேன். அப்புறம் என்னைத் தூக்கி வந்தவன் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, சீட்டு விளையாடி, எழுந்து வரும்வரை நான் அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று கல்யாணத்துக்கு முந்தின நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். என் வாழ்க்கையில் ஒரு கல்யாணத்தையும் தாகம் இல்லாமல் நான் பார்த்தது கிடையாது.

"தூக்கிட்டுப் போறதா இருந்தா நான் வரல" என்றேன் தம்பியிடம். "சித்தப்பா மகளே போட்டுக்கட்டும்."

அத்தை கையைத் தட்டினாள். "பாரு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் கோணல்தான் அத்தை. நெசமாவே கோணல்தான். வந்து பாரு" என்று கத்திவிட்டு, கத்தரிக்கோலை மேஜையில் போட்டேன்.

கோபத்தில் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு ஆசை இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொள்ளை ஆசை. என் கழுத்துக்கு ஒரு தாலி வரும் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை; அதற்காக நான் உட்கார்ந்து அழுததும் இல்லை. ஆனால் தம்பி பெண்டாட்டிக்கு முடிச்சுப் போடுவது எனக்குப் பிறப்பால் வந்த உரிமை. அதையும் பாவம் பார்த்து இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டால், இந்த வீட்டில் நான் யார்? மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டே மறுபடி மறுபடி இதையே நினைத்தேன். அன்று தைத்த ஜாக்கெட்டில் ஒரு கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெண் வந்தாள். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வேண்டும் என்பதுதான் காரணம். கட்டபெட்டில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறவள். வரும்போதே ஒரு பை வர்க்கியோடு வந்தாள். அவளுடைய அம்மாவும் எங்கள் அம்மாவும் அடுப்படிக்குள் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவள் என் மெஷின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, அளவு எடுக்கக் கையைத் தூக்கிக் கொடுத்தபடி, நேராகவே கேட்டாள்.

"ஏனுங் அண்ணி, நீங்க முடிச்சுப் போட மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமா? என்னையப் புடிக்கலீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு அர்த்தம் அதற்கு உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அடி பைத்தியமே, ஒன்னைப் புடிக்காம என்ன" என்று ஆரம்பித்து, கம்பி, எருமை, தூக்கல், தாகம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் நடுவில் குறுக்கிடவில்லை. "ஐயோ பாவம்" என்றும் சொல்லவில்லை. கடைசியில் எழுந்து, தரையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கட்டிப் பாருங்க. மணவறைல பலகைலதானுங்களே உக்கோருவேன்."

அளவு நாடாவையே தாலிக் கயிறாக எடுத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தினேன். கால் வைக்கும் தகடு அவள் முதுகில் இடித்தது. குனிந்தால் கை எட்டவில்லை. இன்னும் குனிந்தால் நானே அவள் மேல் கவிழ்ந்துவிடுவேன். இருவரும் சிரித்தோம். ஆனால் சிரிக்கும்போதே தோன்றியது. ஹாலை விடு, சமதரையிலேயே என்னால் முடியாதா?

"இருங்க" என்று அவள் எழுந்து மறுபடி அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தகடு முக்காலியின் கால்களுக்கு நடுவே போய்விட்டது. அவளுடைய பின்கழுத்து, நான் ஊசி கோக்கிற உயரத்தில், கண்ணெதிரே இருந்தது. நாடாவைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டேன். போட்ட வேகத்தில் அவிழ்க்கவே முடியவில்லை.

"அவ்ளோதானுங்களே" என்றாள். "சரி, நீங்க யாரும் தூக்காம, தள்ளாம, தனியா எங்க வரைக்கும் போவீங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 'உன்னை எப்படிக் கொண்டுபோவது' என்றுதான் கேட்பார்கள்.

"இலை ஷெட் வரைக்கும்" என்றேன்.

பறித்த பச்சை இலையை எடை போடுகிற கொட்டகை அது. எங்கள் வீட்டிலிருந்து ஒரே ரோடு. இலை மூட்டை ஏற்றிய டிராக்டர் சறுக்கக் கூடாது என்று அந்த ரோட்டை மட்டும் பள்ளம் மேடு இல்லாமல் வைத்திருப்பார்கள். ஷெட்டுக்குள்ளும் தள்ளுவண்டி ஓடுவதற்காக வழுவழுவென்று சிமெண்ட் தரை. இலைக்கு இருக்கிற வழி எனக்கும் போதும். தினமும் சாயங்காலம் பெண்கள் எடை போட வரும்போது நானும் அங்கே போய், தைத்ததைக் கொடுத்து, புதுத் துணி வாங்கிக்கொண்டு, ஊர்க்கதை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

"அப்ப அங்கயே வெச்சுக்கலாமுங்க" என்றாள் அவள், வர்க்கியைக் கடித்துக்கொண்டே.

வீட்டில் வெடித்தது. "எலை ஷெட்டுலயா கல்யாணம்?" என்று அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "ஊரு சிரிக்காதா? பொண்ணு வீட்டுக்காரவுக என்ன நெனப்பாக? லயத்துல இதுவரைக்கும் யாராச்சும் செஞ்சிருக்காகளா?" பெண் வீட்டுக்காரர்கள் நினைத்ததைப் பெண்ணே வந்து சொன்னாள்: "எங்கப்பா சரின்னுட்டாருங்க. முட்டி ஆபரேசன் பண்ணுனவரு, படியில்லாத எடம்னதும் ஒடனே சரின்னுட்டாரு." அப்பா மறுநாள் தானாகவே போய் ஷெட் கூரையில் ஒழுகுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தம்பி மேனேஜரிடம் கேட்டான். மேனேஜர் முதலில் சிரித்தாராம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை எடை இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை இலை வரும்போது தரையில் ஒரு பூ இருக்கக் கூடாது என்றாராம்.

தம்பி அதற்குப் பிறகு என்னைத் தூக்குவதைப் பற்றிப் பேசவே இல்லை. என் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, என் நாற்காலியின் உயரத்தை அளந்தான். ஃபேக்டரியில் கிடந்த இரும்பில் வெல்டிங் வைத்து, மேலே பலகை அடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்காருகிற மாதிரி ஒரு குட்டை பெஞ்சு செய்தான். என் கால் தகடு அடியில் நுழைகிற மாதிரி இடமும் விட்டான். பெண்ணுக்காக இருந்தால்கூட அவ்வளவு பார்த்துச் செய்திருக்க மாட்டான். கல்யாணத்துக்கு முந்தின நாள், கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்த என் இடது சக்கரத்துக்கு எண்ணெயும் போட்டான்.

கல்யாணத்தன்று காலையில் ஒரே பனிமூட்டம். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மடியில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். குடிக்க வேண்டிய தண்ணீரையும் காபியையும் குடித்துவிட்டுத்தான் போனேன். ஷெட்டை அடையாளமே தெரியவில்லை. இலைப்பை மாட்டுகிற கொக்கிகளில் எல்லாம் செவ்வந்திச் சரம் தொங்கியது. எவ்வளவு கழுவினாலும் பச்சை இலை வாசனை போகவில்லை. அதோடு சாம்பிராணியும் சேர்ந்துகொண்டது. தினமும் என்னிடம் துணி கொடுக்கிற பெண்கள், "வா வா, இன்னைக்கு ஒன்னையத்தான் எடை போடப் போறோம்" என்று கேலி செய்தார்கள்.

"போடுங்கடி. தண்ணிக் கழிவு போட்டுக் கொறைச்சிடாதீங்க" என்றேன். ஈர இலைக்கு எடையில் கழிப்பார்கள். அவர்கள் தினமும் சண்டை போடுகிற விஷயம் அது. ஷெட்டே சிரித்தது.

அப்போதுதான் சித்தப்பா மகளைப் பார்த்தேன். நாத்தனார் கட்டுகிற மாதிரி அரக்குப் பட்டு, கையில் ஆரத்தித் தட்டு, வாசல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தையிடம் கேட்டேன்.

"ஒரு ஆத்திர அவசரத்துக்கு நிக்கட்டும்டி. ஒனக்குக் கை நடுங்கிருச்சுன்னா? நல்ல நேரத்துல தடங்கல் ஆகக் கூடாதுல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கை அப்போதே நடுங்கியது. கல்யாண வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பெஞ்சுக்குப் பின்னால் போய் நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டேன். இனி யார் வந்தாலும் இந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று உட்கார்ந்துகொண்டேன். அத்தை காமாட்சி விளக்குத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

பெண் வந்து உட்கார்ந்தாள். பூசாரி தாலியை எல்லாரிடமும் காட்டி ஆசி வாங்கிக்கொண்டு வந்து தம்பி கையில் கொடுத்தார். கெட்டிமேளத்துக்காகக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

வாசலில் காட்டெருமை.

ஹாலில் செய்த அதே முட்டாள்தனத்தை இங்கேயும் செய்திருந்தோம். கல்யாணம் என்றால் வாசலில் வாழைமரம், கட்டிவிட்டோம். ஹாலுக்காவது கம்பி உண்டு. இங்கே மூன்று பக்கம் திறந்த ஷெட். பனிக்குள் இருந்து அது எப்போது வந்ததென்றே யாருக்கும் தெரியவில்லை. சின்ன லாரி உயரத்துக்கு நின்று, குலையோடு மரத்தை இழுத்து, அவசரமே இல்லாமல் மென்றது. அதற்கும் சித்தப்பா மகளுக்கும் நடுவே ஒரு அண்டா வைக்கிற இடம்தான் இருக்கும். அவள் ஆரத்தித் தட்டோடு அப்படியே சிலையாகிவிட்டாள்.

எஸ்டேட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்: காட்டெருமை நின்றால் நீயும் நிற்க வேண்டும். ஓடாதே, கத்தாதே. மேளக்காரர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கைக்குழந்தையின் வாயில் அதன் அம்மா முலையைக் கொடுத்தாள். அத்தனை பேர் இருக்கிற ஷெட்டில் வாழைத்தண்டு நொறுங்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நல்ல நேரம் முடியப் போகுது" என்று பூசாரி உதட்டை அசைக்காமல் சொன்னார். "கட்டு தம்பி. மெதுவா."

தம்பி கயிற்றை அவள் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முதல் முடிச்சைப் போட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இரண்டு முனையையும் எனக்காக விட்டுவிட்டுக் கையை எடுத்தான்.

நான் பிரேக்கை எடுத்தேன். எண்ணெய் போட்ட சக்கரம் சத்தமில்லாமல் ஒரு சாண் முன்னால் போனது. தகடு பெஞ்சுக்கு அடியில் நுழைந்தது. ஆனால் என் கண் வாசலிலேயே இருந்தது. எல்லாரும் நிற்கிறார்கள், நின்றவர்களால் கடைசியில் ஓடவாவது முடியும். நான் என்ன செய்வேன்? எனக்குப் பயமாக இருந்தது. விரல்கள் குளிரில் விறைத்துப்போய், மஞ்சள் பூசிய கயிறு வழுக்கியது.

அத்தை என் தோளில் இடித்தாள். "என்னடி வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? கட்டுடி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அங்க என்ன பார்வை? ஒன் வேலையப் பாரு!"

நிற்கிறேனாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திர அவசரத்துக்கு ஆள் நிறுத்தியவள், அந்த ஆளை மறந்துவிட்டாள், என் காலையும் மறந்துவிட்டாள். எந்த வீட்டிலும் தாமதம் செய்கிற நாத்தனாரைத் திட்டுகிற மாதிரி என்னைத் திட்டினாள். என் ஆயுசில் அவள் என்னைத் திட்டியதே இல்லை. பாவம் பார்த்தே நாற்பது வயதாக்கிவிட்டாள்.

இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதை இழுத்துப் போட்டேன். அவள் பின்கழுத்தில் குங்குமம் வைத்து, நெற்றி வகிட்டிலும் கையைச் சுற்றிக் கொண்டுபோய் வைத்தேன். மேளம் இல்லை, அட்சதையை வீசக்கூட ஒருவருக்கும் தைரியம் இல்லை. எல்லாரும் கையில் மஞ்சள் அரிசியை மூடிவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லாததால் அந்த முடிச்சை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

காட்டெருமை தண்டின் கடைசித் துண்டையும் முடித்துவிட்டு, எங்களை ஒரு தடவை பார்த்தது. இவ்வளவுதானா விருந்து என்பது போல மூச்சு விட்டுவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் பனிக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் அடித்தார்களே ஒரு கெட்டிமேளம்! பயம் எல்லாம் சேர்ந்து மேளத்தில் இறங்கியது. அட்சதை என் தலையிலும் மடியிலும் வந்து விழுந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தப்பா மகள் ஆரத்தித் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அக்கா, எனக்கு முடிச்சே போட வராது" என்றாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டது. புதுப்பெண் திரும்பிப் பார்த்து, "ரொம்ப இறுக்கமா இருக்குதுங் அண்ணி" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

அன்றைக்கு நான் தாம்பூலப் பைக்குக் காவல் இருக்கவில்லை. மணவறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வந்தவர்களிடம் எல்லாம் நாத்தனார் சீர் என்ன வந்தது என்று அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் காட்டெருமை இன்னொரு வேலையும் செய்துவிட்டுப் போனது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டே ஆண்கள் பேசியபோது, என் தம்பி பெண்டாட்டிதான் கேட்டாள், கழுத்தில் மாலை வாடுவதற்கு முன்னாலேயே: "ஏனுங், அது வர்றது வாழைமரத்துக்குத்தானுங்களே? அப்ப மரத்த உள்ள கட்டிட்டு, அண்ணிக்கு வழிய விட்டுற வேண்டியதுதானுங்களே?"

அத்தனை வருஷமாக வாழைமரத்தை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. வாழைமரம் வாசலில் இருக்க வேண்டும் என்பது மாறாத சட்டம். நான் வெளியே இருப்பது மாற்றக்கூடியதாக யாருக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் கேட்டதும் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். தம்பியும் இன்னும் இரண்டு பேரும் அடுத்த வாரமே ஹால் கம்பிகளை அறுத்து, அந்த இடத்தில் ஒரு இரும்புக் கேட் வைத்தார்கள். தாழ்ப்பாள் நாற்காலியிலிருந்து எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. சாவி ஒன்று ஹால் காவலரிடம், ஒன்று என்னிடம்.

போன மாதம் சித்தப்பா மகளுக்கு அந்த ஹாலில்தான் கல்யாணம். மணவறையை மேடையில் போடாமல் கீழேயே போட்டிருந்தார்கள். தம்பி செய்த பெஞ்சை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். காவலர் எங்கேயோ டீ குடிக்கப் போய்விட்டார். நான் மெதுவாகச் சக்கரத்தைத் தள்ளி, ஷெட் ரோட்டிலிருந்து ஹாலுக்குப் பிரிகிற வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு முன்னால் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அத்தை. பக்கத்தில் படிகள் இருந்தன. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏண்டி, எம்புட்டு நேரம்? சாவியக் கையில வெச்சுக்கிட்டு ஆடி அசஞ்சு வர்ற. முட்டி வலி உசுரு போகுது. வந்து தெற."

திறந்தேன். முதலில் அத்தை போனாள், பின்னால் நான். மேலே போய் முன்வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்தேன், தண்ணீர் கேட்டு வாங்கி இரண்டு டம்ளர் குடித்தேன், பந்தியில் உட்கார்ந்தேன். ரசத்தில் உப்பே இல்லை. பாயசம் வரும்வரை இருக்கச் சொன்னார்கள். வீட்டில் தைக்க வேண்டிய ஜாக்கெட் இருந்தது. பாதியிலேயே இலையை மூடிவிட்டு, யாரையும் கேட்காமல், நான் கிளம்பி வந்துவிட்டேன்.